ஓவன் வேணாம், பாகு வேணாம்: வீட்லயே புரோட்டீன் உருண்டை, பேரீச்சம்பழம் கம்மி, கடலை தாராளம்

கடையில புரோட்டீன் பால்ஸ், எனர்ஜி பைட்னு உருண்டையை அழகான டப்பாவுல விக்கிறாங்கல்ல, அதை வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை பின்னாடி திருப்பி இன்கிரீடியன்ட்ஸ் வரிசையை படிச்சு பாருங்க. எது எடையில அதிகமா இருக்கோ அதைத்தான் முதல்ல போடணும், அதுதான் ரூல். முதல் பேரே பேரீச்சம்பழம்னு இருந்துச்சுன்னா நீங்க வாங்குறது பேரீச்சம்பழ உருண்டை, அதுக்கு மேல புரோட்டீன்னு பேர் மட்டும் ஒட்டியிருக்கு. 100 கிராம் பேரீச்சம்பழத்துல புரோட்டீன் ரெண்டு, ரெண்டரை கிராம்தான், ஆனா சர்க்கரை 60 கிராமுக்கு மேல. கெட்ட பொருள்னு சொல்ல வரல, இரும்புச்சத்து நார்ச்சத்து எல்லாம் இருக்கு, ஆனா இந்த உருண்டையில அதோட வேலை ஒட்ட வைக்கிறதும் இனிப்பும் மட்டும்தான். அந்த வேலைக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு போட்டா போதும், மீதி இடத்தை கடலை எடுத்துக்கட்டும்.

அடுப்புல வேகவைக்காம, ஓவன் இல்லாம உருண்டை பிடிக்கிறது நமக்கு ஒண்ணும் புதுசு இல்ல. மாலாடுன்னா என்ன, பொட்டுக்கடலையை மாவாக்கி சர்க்கரைப்பொடி போட்டு சூடான நெய்யை ஊத்தி பிடிக்கிறதுதானே. அதுல சர்க்கரையையும் நெய்யையும் குறைச்சு, வேர்க்கடலையும் எள்ளும் உள்ள கொண்டு வந்தா நமக்கு வேண்டிய புரோட்டீன் உருண்டை கிட்டத்தட்ட வந்துடும். சியா சீட், கிரான்பெர்ரி, ஆல்மண்ட் பட்டர்னு லிஸ்ட் போட்டு சூப்பர் மார்க்கெட்டுக்கு ஓட வேண்டாம், எல்லாமே தெருமுனை மளிகைக் கடையில கிடைக்கிற சாமான்தான்.

கணக்கை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா புரோட்டீன்னு பேர் வச்சுட்டு கணக்கு சொல்லாம விட்டா அது நியாயம் இல்ல. 100 கிராமுக்கு பார்த்தா வேர்க்கடலையில சுமார் 25 கிராம் புரோட்டீன், பொட்டுக்கடலையில 20 கிட்ட, எள்ளுல 18 கிட்ட. நான் சொல்லப்போற அளவுல 25 கிராம் எடையில 17 உருண்டை வரும், ஒரு உருண்டைக்கு நாலு கிராமுக்கு கொஞ்சம் கீழ புரோட்டீன், சுமாரா 110 கலோரி. ரெண்டு சாப்பிட்டா ஒரு முட்டையை விட கொஞ்சம் கூட. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், அதாவது ஐசிஎம்ஆர் சொல்ற அளவு உடம்பு எடையில கிலோவுக்கு 0.83 கிராம், அப்போ 60 கிலோ இருக்கிற ஒருத்தருக்கு நாளைக்கு 50 கிராம் வேணும். இந்த உருண்டை அதுல ஒரு பங்கு, அவ்வளவுதான், மீதி பருப்பு, தயிர், முட்டை, மீன்னு சாப்பாட்டுல இருந்துதான் வரணும், இதை மட்டும் நாலஞ்சு முழுங்கிட்டு புரோட்டீன் முடிஞ்சுதுன்னு நினைச்சா கலோரி ஐநூறு கிட்ட போயிடும்.

சரி சாமான். வேர்க்கடலை 150 கிராம், தோலோட இருக்கிற பச்சைக்கடலையா வாங்குங்க, வறுத்த உப்புக்கடலை வேண்டாம். பொட்டுக்கடலை 100 கிராம். எள்ளு 25 கிராம், கருப்போ வெள்ளையோ எதுவா இருந்தாலும் சரி. கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் 150 கிராம், கொட்டையோட எடை போட்டுடாதீங்க. நெய் ரெண்டு டீஸ்பூன், ஏலக்காய் மூணு, சுக்குப்பொடி கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. உப்பை விட்டுடாதீங்க, இனிப்பு கம்மியா இருக்கிற பண்டத்துல அந்த ஒரு சிட்டிகைதான் ருசியை தூக்கி விடும். சுக்கு எதுக்குன்னா கடலை சிலருக்கு வயிறு உப்பும், அதுக்குன்னு நம்ம வீடுகள்ல சுக்கு தட்டிப் போடுற பழக்கம் உண்டு, வாசனைக்கும் நல்லா இருக்கும். எல்லாத்தையும் சேர்த்து பார்த்தா இப்போ விக்கிற விலைக்கு ஒரு உருண்டை ஆறேழு ரூபாய்க்குள்ள அடங்கிடும்.

எள்ளு சும்மா ருசிக்கு போடல. பொட்டுக்கடலை மாதிரி பருப்பு வகையில லைசின்னு ஒரு அமினோ ஆசிட் நல்லா இருக்கும், மெத்தியோனின் கம்மி. எள்ளுல அப்படியே தலைகீழ், மெத்தியோனின் நிறைய, லைசின் கம்மி. ரெண்டும் சேரும்போது ஒண்ணோட குறையை இன்னொண்ணு நிரப்பும், அதனால எள்ளு பிடிக்காதுன்னு தூக்கிப் போடாம கொஞ்சமாவது சேருங்க.

வறுக்கிறதுலதான் பாதி விஷயம் இருக்கு. ஓவன் வேண்டாம்னா அடுப்பே வேண்டாம்னு அர்த்தம் இல்ல, பச்சைக்கடலையை அப்படியே அரைச்சா பச்சை வாடை போகவே போகாது. வறுக்கிறதுக்கு முன்னாடி கடலையை தட்டுல கொட்டி ஒரு பார்வை பாருங்க, சுருங்கினது, கருத்தது, பூஞ்சை பிடிச்சது எல்லாத்தையும் பொறுக்கி எறியுங்க. இதுல கஞ்சத்தனம் கூடவே கூடாது, பூஞ்சை பிடிச்ச கடலையில அஃப்ளடாக்சின்னு ஒரு விஷம் உருவாகும், கல்லீரலுக்கு கெடுதல், வறுத்தாலும் முழுசா போகாது. வாயில போட்டா கசக்குற கடலையை முழுங்காம துப்பிடணும்னு பெரியவங்க சொல்றது சரியான பேச்சு.

அடி கனமான கடாயை வச்சு தீயை சிம்முக்கும் மீடியத்துக்கும் நடுவுல வச்சு கடலையை போட்டு கை விடாம கிளறுங்க. பத்து, பன்னிரண்டு நிமிஷம் ஆகும். முதல் அஞ்சு நிமிஷம் ஒண்ணுமே நடக்காது, பொறுமை இழந்து தீயை கூட்டினீங்கன்னா தோல் கருகி உள்ள பச்சையாவே நிக்கும். அப்புறம் அங்கங்க டப் டப்னு சத்தம் வரும், தோல்ல பழுப்பு புள்ளி விழும், வாசனை கிளம்பும். அப்போ ஒரு கடலையை எடுத்து தோலை தேய்ச்சு ரெண்டா பிளந்து உள்பக்கம் பாருங்க, வெள்ளையா இருந்தா இன்னும் ஆகல, லேசான பிஸ்கட் கலர் வந்திருந்தா அடுப்பை அணைச்சுடுங்க. அந்த நேரத்துல கடிச்சு பார்த்தா மெத்துன்னுதான் இருக்கும், மொறுமொறுப்பு ஆறினப்புறம்தான் வரும், அதனால இன்னும் வறுபடலையோன்னு சந்தேகப்பட்டு விட்டுடாதீங்க. கடாய் சூட்டுலயே விட்டாலும் தீஞ்சுடும், உடனே தட்டுக்கு மாத்துங்க.

அதே கடாயில அடுத்து எள்ளு. கருப்பு எள்ளுன்னா மண் இருக்கும், முன்னாடியே தண்ணியில அலசி துணியில பரப்பி உலர்த்தி வச்சுக்கோங்க. எண்ணெய் இல்லாம போட்டா ரெண்டு மூணு நிமிஷத்துல படபடன்னு பொரியும், பொரியிற சத்தம் குறைய ஆரம்பிச்சதும் எடுத்துடணும், கொஞ்சம் தாண்டினா கசப்பு ஏறிடும், அந்த ஒரு ஸ்பூன் எள்ளு மொத்த உருண்டையையும் கெடுத்துடும். பொட்டுக்கடலை ஏற்கனவே வறுத்ததுதான், ஆனா கடையில நமத்துப் போய் இருக்கும், அதனால அணைச்ச கடாய் சூட்டுல ரெண்டு பிரட்டு பிரட்டினா போதும். வண்டு இருக்கான்னு பார்த்துக்கோங்க.

கடலை நல்லா ஆறினதும் ரெண்டு கையாலயும் தேய்ச்சு தோலை ஊதிடுங்க, முறம் இருந்தா புடைச்சா ரெண்டு நிமிஷ வேலை. தோல் முழுக்க போகணும்னு அவசியம் இல்ல, பாதி ஒட்டிட்டு இருந்தாலும் ஒண்ணும் ஆகாது.

இப்போ மிக்ஸி. இதுல ஒரு வரிசை இருக்கு, எல்லாத்தையும் ஒரே ஜார்ல கொட்டி ஓட்டினா பேரீச்சம்பழம் பிளேடுல சுத்திக்கிட்டு மோட்டார் கத்தும், கடலை ஒரு பக்கம் முழுசா நிக்கும். முதல்ல ஈரமே இல்லாத ஜார்ல பொட்டுக்கடலையும் ஏலக்காயும் போட்டு நைஸா அரைச்சு ஒரு அகலமான பாத்திரத்துல கொட்டுங்க. அதுல ரெண்டு ஸ்பூன் மாவை திரும்ப ஜாருக்கு எடுத்து எள்ளோட சேர்த்து ஓட்டுங்க, எள்ளை தனியா அரைச்சா எண்ணெய் விட்டு அடியில அப்பிக்கும், மாவு கூட இருந்தா பொடியா வரும்.

கடலையை ரெண்டு பாதியா பிரிங்க. ஒரு பாதியை விட்டு விட்டு ஓட்டி கொரகொரப்பா, ரவையை விட கொஞ்சம் பெருசா எடுத்து மாவுல கொட்டிடுங்க, கடிக்கிறப்போ பல்லுல மாட்டுறது இதுதான். இன்னொரு பாதியை நிறுத்தாம அரைக்கணும். முதல்ல பொடியாகும், அப்புறம் ஜாரோட ஓரத்துல ஏறி ஒட்டிக்கிட்டு பிளேடு காத்துல சுத்தும், நிறுத்திட்டு ஸ்பூனால வழிச்சு நடுவுல தள்ளி திரும்ப ஓட்டுங்க. ரெண்டு மூணு தடவை இப்படி வழிச்சு விட்டா கடலை சூடேறி தன் எண்ணெயை விட ஆரம்பிக்கும், பொடி கட்டி கட்டியா சேர்ந்து கடைசியில பளபளன்னு இளகிடும். இதுதான் பீநட் பட்டர், வேற ஒண்ணும் இல்ல, சொட்டு எண்ணெய் கூட நாம ஊத்தல. இந்த இளகின கடலைதான் பேரீச்சம்பழத்தை குறைக்க நமக்கு கை கொடுக்குது, ஒட்டுற வேலையில பாதியை இது செஞ்சுடும். சின்ன மிக்ஸின்னா நடுவுல ரெண்டு நிமிஷம் ரெஸ்ட் கொடுங்க, தொடர்ந்து ஓட்டினா மோட்டார் சூடாகி நின்னுடும். இந்த வேலையே வேண்டாம்னா கடையில வாங்கின பீநட் பட்டர் 75 கிராம் போடலாம், சர்க்கரை சேர்க்காததா பாருங்க.

பேரீச்சம்பழத்துக்கு நிறைய பேர் வெந்நீர்ல ஊற வைக்க சொல்லுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல, அந்த தண்ணி உருண்டைக்குள்ள போய் ரெண்டு மூணு நாள்ல புளிச்ச வாடை வந்துடும், உருண்டையும் கொழகொழன்னு ஆகும். அதுக்கு பதிலா பழத்தை பொடியா நறுக்கி, கடாயில ஒரு டீஸ்பூன் நெய் விட்டு சிம்ல மூணு நாலு நிமிஷம் கரண்டியால மசிச்சுக்கிட்டே பிரட்டுங்க, தானா இளகி ஒண்ணா திரண்டு வரும். நறுக்கும்போது ஒவ்வொரு பழத்தையும் விரலால பிளந்து பாருங்க, சீட்லெஸ்னு போட்ட பாக்கெட்லயும் ஒண்ணு ரெண்டு கொட்டை ஒளிஞ்சுட்டு இருக்கும், மிக்ஸியில மாட்டினா பிளேடு போச்சு, பல்லுல மாட்டினா பல்லு போச்சு. கிமியா மாதிரி ஈரமான கருப்பு பழம்னா வதக்கக் கூட வேண்டாம், கையாலயே மசியும், 130 கிராமே போதும், ஆனா உருண்டையை ஃப்ரிட்ஜ்ல வைக்கணும்.

இப்போ எல்லாம் ஒரே பாத்திரத்துல சேரணும். மாவுக் கலவையில சுக்கு, உப்பு போட்டு கலந்து, இளகின கடலையை போட்டு, மேல சூடான பேரீச்சம்பழத்தை போட்டு முதல்ல கரண்டியால கலக்குங்க, கை பொறுக்குற சூடு வந்ததும் கையை விட்டு நல்லா அழுத்தி பிசைஞ்சு விடுங்க. பேரீச்சம்பழம் ஒரே இடத்துல கட்டியா நிக்கும், அதை விரலால நசுக்கி மாவோட தேய்ச்சு தேய்ச்சு பரப்பணும், இதுக்கு அஞ்சு நிமிஷமாவது ஆகும், அவசரப்பட்டா ஒரு உருண்டை தித்திப்பு ஒரு உருண்டை சப்புன்னு இருக்கும். பதம் பார்க்கிறது புட்டு மாவுக்கு பார்க்குற மாதிரிதான், ஒரு கைப்பிடி எடுத்து அழுத்தினா பிடிச்சபடி நிக்கணும், ஆனா இது உதிர்க்கப் பார்த்தா சுலபமா உதிரக் கூடாது, உள்ளங்கையில லேசா எண்ணெய் மினுமினுப்பு தெரியணும்.

உதிருதுன்னா உடனே தண்ணி தெளிக்காதீங்க. இன்னொரு ரெண்டு நிமிஷம் அழுத்தி பிசைஞ்சு பாருங்க, பல சமயம் அதுலயே சரியாகிடும், ஏன்னா கடலை எண்ணெய் இன்னும் வெளிய வந்திருக்காது. அப்பவும் நிக்கலைன்னா மிச்சம் இருக்கிற ஒரு டீஸ்பூன் நெய்யை சூடு பண்ணி விடுங்க. அதுக்கும் அடங்கலைன்னா கலவையில பாதியை மிக்ஸியில போட்டு ஒரே ஒரு சுத்து சுத்தி எடுத்து மீதியோட பிசைங்க, இது கட்டாயம் வேலை செய்யும். மாறா கையில பிசுபிசுன்னு ஒட்டுச்சுன்னா பொட்டுக்கடலை மாவு ஒரு ஸ்பூன் தூவுங்க. ரொம்ப இளகியிருந்தா பாத்திரத்தோட இருபது நிமிஷம் ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு பிடிங்க.

உருண்டை பிடிக்கிறப்போ முதல்ல உருட்டாதீங்க, அழுத்துங்க. விரல் எல்லாம் மடக்கி நாலஞ்சு தடவை இறுக்கி பிடிச்சப்புறம்தான் ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல உருட்டணும், இல்லேன்னா மேல வழவழன்னு இருக்கும், கடிச்சதும் ரெண்டா பிளந்து மடியில கொட்டும். முதல் உருண்டையை மட்டும் தராசுல வச்சு 25 கிராம் எவ்வளவு பெருசுன்னு கண்ணுக்கு பழக்கிக்கோங்க, சின்ன எலுமிச்சம்பழம் அளவு இருக்கும், மீதியெல்லாம் அந்த அளவுக்கே கை போகும்.

ஜிம் போறவங்க வே பவுடர், அதாவது பால்ல இருந்து எடுக்கிற புரோட்டீன் பொடி, சேர்க்கணும்னு கேப்பீங்க, சேர்க்கலாம். மேல சொன்ன அளவுக்கு ரெண்டு ஸ்கூப், அதாவது 60 கிராம். ஒரு ஸ்கூப்ல 24 கிராம் புரோட்டீன் இருக்கிற பவுடர்னா, உருண்டைக்கு அஞ்சரை கிராம் கிட்ட போயிடும், எண்ணிக்கையும் இருபது தாண்டும், கலோரி நூறுலயே நிக்கும். ஆனா ரெண்டு விஷயம். சூடான பேரீச்சம்பழத்து மேல கொட்டக் கூடாது, வே புரோட்டீன் சூட்டுல திரிஞ்சு ரப்பர் கட்டியா ஆகிடும், அதனால கலவை முழுக்க ஆறினப்புறம் கடைசியா சேருங்க. இன்னொண்ணு, பவுடர் ஈரத்தை உறிஞ்சும், போட்டதும் எல்லாம் உதிரியா ஆகி பயமுறுத்தும், காய்ச்சி ஆறின பாலை ஒவ்வொரு ஸ்பூனா விட்டு பிசைங்க, ரெண்டு மூணு டேபிள் ஸ்பூன்ல அடங்கும். ஒரேயடியா ஊத்திட்டீங்கன்னா சேறுதான். பவுடர்ல ஏற்கனவே இனிப்பு இருக்கும், அதனால பேரீச்சம்பழத்தை 120 கிராமா குறைச்சுக்கலாம். பால்ல இருந்தே எடுக்கிற இன்னொரு வகையான கேசின் பவுடர்னா இன்னும் அதிகமா ஈரம் இழுக்கும், பட்டாணி புரோட்டீன்னா நாக்குல மணல் தட்டுற மாதிரி ஒரு உணர்வு வரும், கோகோ பவுடர் ஒரு ஸ்பூன் போட்டா கொஞ்சம் மறைக்கும்.

பவுடர் வாங்க மனசு இல்லைன்னா கொழுப்பு நீக்கின பால் பவுடர் 50 கிராம் போடலாம், 100 கிராமுக்கு 35 கிட்ட புரோட்டீன் இருக்கு, விலையும் கம்மி, ருசியும் பால்கோவா பக்கம் போகும். பூசணி விதை இருந்தா வறுத்து ஒரு கைப்பிடி கொரகொரப்பா சேருங்க, அதுல புரோட்டீன் கடலையை விடவே கூட. ஓட்ஸ் போடுறவங்க இருக்காங்க, போட்டா தப்பில்ல, வறுத்து பொடிச்சு போடுங்க, ஆனா பொட்டுக்கடலையை விட அதுல புரோட்டீன் கம்மி, விலை ஜாஸ்தி, எதுக்குன்னு எனக்கு புரியல. தேங்காய் போடணும்னா கொப்பரை மட்டும், பச்சைத் தேங்காய் போட்டா மறுநாளே வாடை வந்துடும். பச்சை கோதுமை மாவு, பச்சை கடலை மாவு எதையும் வறுக்காம இதுல கலக்காதீங்க, இது அப்புறம் வேகப் போறதே இல்ல.

பேரீச்சம்பழத்துக்கு பதிலா வெல்லம் போடலாமான்னா, தூள் வெல்லமா 100 கிராம், கூட நெய் ஒரு ஸ்பூன் அதிகம், பாகு தேவையில்ல. கருப்பட்டின்னா கரைச்சு வடிகட்டாம போடக் கூடாது, மண் இருக்கும், அப்போ பாகு வைக்க வேண்டி வரும், அது வேற வேலை. வெல்லம், தேன், கருப்பட்டி, பேரீச்சம்பழம் எதுவா இருந்தாலும் சுகர் இருக்கிறவங்களுக்கு எல்லாம் இனிப்புதான், நாட்டு சாமான்னு ரெண்டு சேர்த்து சாப்பிடுறதுக்கு அது லைசென்ஸ் இல்ல. கிட்னி பிரச்சனை இருக்கிறவங்க புரோட்டீன் கூட்டுற எதையும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு சாப்பிடுங்க. கடலை அலர்ஜி இருக்கிற பிள்ளைங்க படிக்கிற ஸ்கூலுக்கு டிபன் பாக்ஸ்ல கொடுத்து விடாதீங்க. அஞ்சு வயசுக்கு கீழ இருக்கிற குழந்தைக்கு கொரகொரப்பு பாதியும் நைஸாவே அரைச்சுடுங்க, உருண்டையா கொடுக்காம உதிர்த்து கொடுங்க, தொண்டையில அடைக்கும்.

நல்லா ஆறினப்புறம்தான் டப்பாவுல போடணும், சூட்டோட மூடினா மூடியில வேர்க்கும், அந்த தண்ணி சொட்டுற உருண்டையில இருந்துதான் பூஞ்சை ஆரம்பிக்கும். பால் விடாம செஞ்சது ஈரமில்லாத எவர்சில்வர் டப்பாவுல வெளிய ஒரு வாரம் தாங்கும், சித்திரை வெயில்ல அவ்வளவு நம்பாதீங்க, ஃப்ரிட்ஜ்ல வச்சா ரெண்டு மூணு வாரம். ஹாஸ்டல்ல இருக்கிற பிள்ளைக்கு அனுப்புறதா இருந்தா இந்த பால் இல்லாத வகையை மட்டும் அனுப்புங்க, ஒவ்வொண்ணையும் பட்டர் பேப்பர்ல சுத்தி அடுக்கினா ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. பால் விட்டு பிசைஞ்ச வே உருண்டை வெளிய வைக்கவே கூடாது, ஃப்ரிட்ஜ்லயும் நாலஞ்சு நாள்தான். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்ததும் கல்லு கணக்கா இருக்கும், பத்து நிமிஷம் வெளிய வச்சுட்டு கடிங்க. எப்போ மூக்குல சிக்கு வாடை அடிக்குதோ, கடலை எண்ணெய் கெட்டுப் போச்சுன்னு அர்த்தம், பார்க்க நல்லா இருந்தாலும் தூக்கிப் போட்டுடுங்க.